பேக்பைப்போடு புதிய தாளம் சேர்க்கும் முறை

ஸ்காட்லாந்து மெட்டுகளை வேற்று நாட்டுத் தாளங்களோடு இணைக்க விரும்பும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பைப்பிலிருந்து, அதாவது காற்றுப்பையும் குழல்களும் கொண்ட பேக்பைப்பிலிருந்து தொடங்குங்கள். ஹைலேண்ட் பேக்பைப்பில் ஒன்பது சுரங்களே உண்டு. ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவே மௌனமும் கிடையாது. ஆகவே ஏற்ற இறக்கம் முழுவதும் பேஸ் கிதார், டிரம்ஸ் கையில்தான். முதல் சுற்றில் அவர்கள் வாசிக்காமலே இருக்கட்டும். அவர்கள் நுழையும் கணம்தான் கூட்டத்தை எழுப்பும்.

சுருதியில் கவனம். பைப்பர் 'ஏ' என்று படிக்கும் சுரம், காதில் பி-ஃபிளாட்டுக்கும் சற்று மேலே ஒலிக்கும். கீபோர்டைத்தான் பைப்புக்கு இணங்கச் சேர்க்க வேண்டும். ட்ரோன் குழல்கள் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருப்பதால் இரண்டு மூன்று கார்டுகளே (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளே) போதும்.

ரீல் எனும் வேகமான நடன மெட்டு எலெக்ட்ரானிக் தாளத்திலும் லத்தீன் தாளத்திலும் எளிதில் அமரும். ஸ்ட்ராத்ஸ்பே எனும் சற்று மெதுவான நடன மெட்டு அப்படியல்ல. குறுஞ்சுரம் முந்தி, நெடுஞ்சுரம் பிந்தி வரும் அந்த வெட்டுதான் அதன் உயிர். கணினித் தாளத்துக்காக அதைச் சமன் செய்யாதீர்கள். எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

கேட்டுப் பழக, எடின்பரோவின் ஷூகிள்நிஃப்டி, ஸ்கை தீவின் பீட்பாக் ஃபேரிஸ் ஆகிய இசைக்குழுக்கள். ஸ்காட்லாந்து இசைக்கலைஞர் மார்ட்டின் பென்னட் 2003இல் வெளியிட்ட 'கிரிட்' ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கள். நாடோடிப் பாடகர்கள், கேலிக் மொழிப் பாடகர்களின் பழைய ஒலிப்பதிவுகள் அதில் நவீனத் தாளத்தின் மேல் நிமிர்ந்து நிற்கின்றன. நீங்களும் அத்தகைய பதிவுகளை எடுத்தாள நினைத்தால் காப்பகத்தில் அனுமதி பெறுங்கள். பாடியவர் பெயரை உறையில் அச்சிடுங்கள்.