முதல் புல் ரிக்வெஸ்ட்: பயம் செய்யவைக்கும் தவறுகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். திறமூல மென்பொருளுக்கு, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு, ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் வேண்டுகோளுக்குப் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். அதை அனுப்பும் பொத்தானை அழுத்தத்தான் கை வருவதில்லை. போன வாரம் ஒரு தம்பி, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தப்பை அதே வரிசையில் செய்துகொண்டிருந்தான். பார்க்கப் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். கமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பில்) எழுத்துப்பிழை, கோப்பில் கடவுச்சொல்லை விட்டுவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவை இங்கே இல்லை.

முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று ஒளித்து வைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நான் முதலில் கைவைத்தது தமிழ்ச் சொற்களின் நீளத்தை எண்ணும் ஒரு சிறு நிரல். அதில் ‘திருநெல்வேலி’ என்று கொடுத்தால் 12 என்று விடை வந்தது. எழுத்துகளோ ஆறுதான். கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் முறையான யூனிகோடில் ‘தி’ என்பது ஒரே குறியீடு அல்ல. தகரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று. ‘ல்’ என்றால் லகரமும் புள்ளியும். ஊர்ப்பெயரின் ஆறு எழுத்தும் இப்படி இரண்டிரண்டு குறியீடு.

திருத்தம் பத்து வரிதான். அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். ‘இத்தனை சின்னதை அனுப்பினால் சிரிப்பார்களே’ என்று கூசினேன். சரி, கொஞ்சம் கனமாக்குவோம் என்று ‘கொ’வை எடுத்தேன். அதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. அதைச் சரிசெய்தேன். பிறகு ‘க்ஷ’, பிறகு ‘ஸ்ரீ’. பிறகு, யாரும் கேட்காமலே, செயற்கூறுகளின் பெயர்களையெல்லாம் மாற்றினேன். மூன்று வாரம் ஓடியது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அனுப்பியபோது 31 கோப்புகள். போதாக்குறைக்கு என் எடிட்டர் வரிகளின் இடைவெளிகளைத் தானாகவே திருத்தி வைத்திருந்தது. அனுப்புமுன் மாற்றங்களை ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதிரே இருப்பவருக்கு எல்லா வரியும் மாறியதாகவே காட்டியது. மறுநாள், வரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளரிடமிருந்து பணிவாக இரண்டு வாக்கியம் வந்தது: எண்ணிக்கைப் பிழையைப் போன வாரமே ஒருவர் சரிசெய்துவிட்டார்; மற்றதை இப்படி மொத்தமாகப் படித்துப் பார்க்க முடியாது, மன்னிக்கவும்.

அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. பிழைப் பட்டியலில் அது மாதக்கணக்கில் திறந்தே கிடந்தது. ‘இதை நான் பார்க்கிறேன்’ என்று அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தால் அந்த இன்னொருவர் வேறு வேலை பார்த்திருப்பார். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு நான் எந்தத் திட்டத்தின் பக்கமும் போகவில்லை. மூன்று வாரம் போனதைவிட இந்த ஒன்றரை ஆண்டுதான் மனதை அறுக்கிறது.

ஆகவே முதலில் அந்த ஒரு வரி. எப்படிச் செய்ய நினைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதி முடிந்ததும் காட்டிவிடுங்கள். இத்தகைய நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2019 முதல் வரைவு நிலையிலேயே புல் ரிக்வெஸ்ட் அனுப்ப முடிகிறது. இன்னும் முடியவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

போன வாரத் தம்பி கேட்டான்: “அரைகுறையாகக் காட்டினால் மரியாதை போய்விடாதா, அண்ணே?”

“உன்னை அங்கே யாருக்கும் தெரியாது, தம்பி. இல்லாத மரியாதை எப்படிப் போகும்?”

திருத்தச் சொன்னால் திட்டியதாக எடுத்துக்கொள்வது

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்திருக்கிறீர்களா? சக்கரத்தின் அடியில் கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போடுவது என்றால் தடுப்பது என்று பேச்சில் ஆகிவிட்டது. ஆனால் ரதவீதி முனையில் அந்தக் கட்டை இல்லாமல் தேர் திரும்பாது. ‘இந்த வரியை மாற்றுங்கள்’ என்று வரும் குறிப்பும் அந்த வேலையைத்தான் செய்கிறது. பத்துக் குறிப்பு வந்தால் உங்கள் நிரலைப் பத்து இடத்தில் நின்று ஒருவர் படித்திருக்கிறார் என்று பொருள். வேண்டாம் என்றால் அவர் பேசாமல் மூடியிருப்பார்.

எடுத்த எடுப்பில் லினக்ஸ் கர்னல்

வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி அது. அங்கே பேட்ச், அதாவது திருத்தம், மின்னஞ்சலில் போகிறது. அந்த முறை பழகவே தனியாக நாள் பிடிக்கும்.

டி-ஷர்ட்டுக்காக அனுப்புவது

திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தருவதாக ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு நிகழ்வு. 2020 அக்டோபரில் அந்தப் பரிசுக்காக வந்து குவிந்த வெற்றுத் திருத்தங்களால் பராமரிப்பாளர்கள் நொந்துபோனார்கள். விரும்பும் திட்டங்கள் மட்டும் சேர்ந்துகொள்ளலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வராதே என்று ஒதுங்குவது

என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது: மூன்று எளிய வாக்கியம் போதும். அதுவும் கூச்சமாக இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் போன்றவற்றின் தமிழாக்கத்தில் தொடங்கலாம். ‘சேமி’யா ‘சேமிக்க’வா என்று அங்கேயும் சண்டை உண்டு, ஆனால் தமிழில்.

அந்தத் தம்பி செய்துகொண்டிருந்தது தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் வேலை. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தே வந்துவிடுவதால், வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் ‘அன்பு’ முன்னாலும் ‘அம்மா’ பின்னாலும் போய்விடும்; அகராதியில் தலைகீழ். அன்றிரவே வரைவாக அனுப்பினான். காலையில் பதில் வந்திருந்தது: சரியாக அடுக்குகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை நிரலையும் சேர்த்துவிடுங்கள். ‘அம்மா’வை முதலில் வைத்து இப்போது அதை எழுதிக்கொண்டிருக்கிறான்.