அமெச்சூர் நாடகக் குழுவில் சேர்ந்ததும் செய்யும் தவறுகள்

தாமதமாக வராதீர்கள், வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள் என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. போன வாரம் ஒத்திகையில் புதுப் பையன் ஒருவன் விம்மி விம்மி அழுததைப் பார்த்தேன். பழைய நானே கண்முன் வந்து நின்ற மாதிரி இருந்தது.

ஆறாத காயத்தை மேடையேற்றுவது

அப்போது என் அப்பா இறந்து மூன்று மாதம். நாடகத்திலும் அப்பாவை இழந்த மகன் வேஷம். முதல் ஒத்திகையிலேயே உடைந்து அழுதேன். எல்லோரும் கைதட்டினார்கள், கட்டிக்கொண்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பம். அழுதால்தான் இந்தக் குழுவில் இடம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. பிறகு ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்துக்கொண்டே போவேன்.

இரண்டாம் நாள் மேடையில் அழுகை வற்றிப்போனது. நான் அதைத் தேடிக்கொண்டு நிற்க, அக்காவாக நடித்தவர் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி என் வசனத்துக்காகக் காத்திருந்தார். டம்ளர் நடுங்கியது. கடைசியில் என் வரியையும் அவரே சேர்த்துச் சொல்லிச் சமாளித்தார். அவ்வளவு நாளும் அவரை நான் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் வெகுநாள், அப்பாவை நினைத்தாலே அந்த மேடை விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் எனக்கு எரிச்சல் அதில்தான்.

உணர்ச்சி நினைவை, அதாவது சொந்த வாழ்க்கையின் உணர்ச்சியை நினைத்து நடிப்பதைப் பற்றி நிறையப் பேசிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே 1930களில், தன் கடைசிக் காலத்தில், உடலின் செயலிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்தப் பின்பாதி பலர் காதுக்கு வருவதில்லை. இறந்தவரின் சட்டையை ஒழுங்காக மடியுங்கள், பொத்தானைப் போடுங்கள். உணர்ச்சி பின்னாலேயே வரும். வராவிட்டாலும் காட்சி விழாது.

பையனிடம் "அழாதே, சட்டையை மடி" என்றேன். முறைத்தான். சரி, நானும் முறைத்திருப்பேன்.

வேஷத்தோடு வீட்டுக்குப் போவது

கைகாலை உதறி, சொந்தப் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வேஷம் இல்லையென்றால் காணாமல் போவது

அடுத்த நாடகத்தில் எனக்கு வேஷமில்லை. இரண்டு மாதம் விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்தேன். யாருக்கு எந்த வரி தடுக்கும் என்பது எனக்கு அத்துப்படி. வரியை மறந்தவர்கள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டுவார்கள். கைதட்டலில் கிடைக்காத இடம் அங்கே கிடைத்தது.

கடைசிக் காட்சிக்கு மறுநாள் முடிவெடுப்பது

மனசு வெறிச்சோடிக் கிடக்கும். எதையும் அறிவிக்காதீர்கள். செட்டைப் பிரிக்கப் போங்கள்.