கிரைண்டிங் வீலுக்குக் காப்புரிமை மறுப்பா? அப்பீலில் சறுக்கும் இடங்கள்

பீன்யாவில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: பெங்களூரில் இருக்கிறோமே என்று கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். கர்நாடக விண்ணப்பங்கள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் கீழ் வருகின்றன. 2021-ல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டதால் அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். கெடு, ஆணைத் தேதியிலிருந்து 3 மாதம்.

சரி, வழக்குக்கு வருவோம். விண்ணப்பத்தை முடிவுசெய்யும் காப்புரிமை அலுவலக அதிகாரியான கன்ட்ரோலர் இரண்டு பழைய காப்புரிமைகளைக் காட்டி மறுத்திருக்கிறார் என்று வையுங்கள். ஒன்றில் வைரத் துகள் பூசிய சக்கரம். மற்றதில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓட விளிம்பில் பள்ளம். உங்கள் வீலில் இரண்டும் உண்டு. "முதலாவதில் பள்ளம் இல்லை, இரண்டாவதில் வைரம் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு. அது அவருக்குத் தெரியாதா? அதனால்தானே இரண்டையும் சேர்த்தார்! அந்தப் பதில் புதுமைக்குப் பொருந்தும். இங்கே கேள்வியே வேறு: இது எளிதில் தோன்றக்கூடியதா என்பது. இந்தத் தொழில் தெரிந்தவர் அவ்விரண்டையும் ஏன் சேர்த்திருக்க மாட்டார் என்று காட்ட வேண்டும். பள்ளம் வெட்டினால் விளிம்பில் துகள் உதிரும் என்று முதல் ஆவணமே எச்சரித்திருந்தால், அந்த ஒரு வரி உங்கள் பத்துப் பக்கத்துக்குச் சமம்.

இரண்டும் சேர்ந்து புதிதாக என்ன செய்கின்றன என்பதும் முக்கியம். தெரிந்த பாகங்கள் தத்தம் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) குறுக்கே வரும். பாத்திரம் கடையும் லேத்தின் பிடிப்பு அமைப்புக்கான காப்புரிமையை, வெறும் பட்டறை மேம்பாடு என்று 1978-ல் உச்ச நீதிமன்றமே செல்லாததாக்கியது.

"வீல் அதிக நாள் உழைக்கிறது" என்றால் போதாது. எந்த உலோகத்தில், எந்த வேகத்தில், பழையதைவிட எவ்வளவு? இதை விண்ணப்பத்தோடு தரும் விவரக்குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டதைப் பின்னால் திருத்தத்தில் நுழைக்கப் பிரிவு 59 விடாது. நன்றாக விற்கிறது என்ற வாதமும் தனியே நிற்காது. பொருளாதார முக்கியத்துவம் இருந்தாலும், எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும்.

அப்புறம், ஆணையை நிதானமாகப் படியுங்கள். ஆவணங்களை அடுக்கிவிட்டு, காரணம் சொல்லாமல் "எளிதில் தோன்றக்கூடியது" என்று முடித்திருக்கிறதா? அக்ரிபோர்ட் வழக்கில் 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தகைய ஆணையை ஏற்கவில்லை. ஆனால் இந்த வாதத்தில் ஜெயித்தால் பொதுவாகக் கிடைப்பது காப்புரிமை அலுவலகத்துக்கே திரும்பிப்போகும் மறுபரிசீலனைதான். அங்கே அதே இரண்டு ஆவணங்களுக்கு மறுபடி பதில் சொல்லியாக வேண்டும்.