யூனிட்டைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்களா? பென்ஷன் கேட்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

"பதினொரு வருஷம் சர்வீஸ் சார், யூனிட்டையே கலைச்சுட்டாங்க, ஏதாவது வருமா?" என்று முன்னாள் ராணுவ வீரர்கள் பாலித்தீன் உறையிலிருந்து டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது படையிலிருந்து வெளியேறும்போது தரும் புத்தகத்தை, எடுத்து நீட்டுவார்கள். அதில் வெளியேற்றத்துக்கான காரணம் என்று ஒரு வரி இருக்கும். பலரும் அதைப் படித்தே பார்த்திருக்க மாட்டார்கள். பாதி வழக்கு அந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது.

இந்திய ராணுவத்தின் 1961 ஓய்வூதிய விதிகளில் (2008-இல் புதிய விதிகள் வரும் முன் இருந்தவை) 164-ஆவது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தன் கொள்கை முடிவால் ஆள்பலத்தைக் குறைத்தாலோ, மறுசீரமைப்பு செய்து யூனிட்டுகளைக் கலைத்தாலோ, ரிசர்வுக்கு, அதாவது தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் இருப்புப் படைக்கு, மாற்றாமல் பெரும் எண்ணிக்கையில் வெளியே அனுப்பப்படுபவர்களுக்குச் சிறப்பு ஓய்வூதியமோ பணிக்கொடையோ 'வழங்கலாம்' என்கிறது. வழங்கலாம் என்றுதான் இருக்கிறது, கவனியுங்கள். யூனிட் கலைந்தாலே பணம் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது முதல் தவறு. உங்களை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் இந்த விதிக்கே வேலை இல்லை.

அடுத்தது, தவறான பெயரில் கேட்பது. கடற்படையில் பத்தாண்டு பணி, பத்தாண்டு ரிசர்வ் என்று முடித்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன் இருந்தது. 1976 ஜூலை 3 அன்று அந்த ரிசர்வ் முறையையே நிறுத்தினார்கள். பத்து வருடத்தோடு வீடு திரும்பிய மாலுமிகள் பின்னாளில் ரிசர்விஸ்ட் பென்ஷன் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டி.எஸ். தாஸ் வழக்கில் 2016 அக்டோபரில் வந்த தீர்ப்பு, ரிசர்வுக்கே போகாதவருக்கு அந்தப் பென்ஷன் கிடையாது என்றது. ஆனால் 164-க்கு இணையான கடற்படை விதி 95-இன் கீழ் சிறப்பு ஓய்வூதியத்துக்கு வழிவிட்டது. 1976 ஜூலை 3-க்கு முன் சேர்ந்து, அன்றோ அதன் பிறகோ பணிக்காலம் முடிந்தவர்களுக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால். முக்கியமாக, தாமாகவே விருப்பம் தெரிவித்துப் போயிருக்கக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிய தாளை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்குத் தேவையான பதினைந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைகிறதா? ஓராண்டு வரை குறைவை மன்னிக்க 2001 உத்தரவு இருக்கிறது. ஆனால் 164-இல் தகுதி உள்ளவருக்கு அந்த மன்னிப்பு கிடையாது என்று அதே 1961 விதிகளின் 125-ஆவது விதியே சொல்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதுவது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

அப்புறம், தாமதம். பென்ஷன் கோரிக்கை காலாவதியாகாது என்பது சரிதான், நிலுவை அப்படியல்ல. தர்செம் சிங் என்ற ராணுவ வீரரின் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், காலம் கடந்து வந்தால் மனுவுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும் என்றது. அவர் வந்தது பதினாறு வருடம் கழித்து!

மனுவோடு டிஸ்சார்ஜ் புக்கின் அந்தப் பக்கத்தையும் கலைப்பு உத்தரவின் நகலையும் வையுங்கள். உத்தரவு கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம்.