குப்பை சேகரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிக்கும் முன்

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கோப்பைத் திறக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு, ஒப்பந்ததாரர் கேட்கும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்தவற்றை மதிப்பிட்டு, மன்றத்தின் ஒப்புதலைப் பெற்று, தேர்வானவர் லாரிகளை வாங்கி ஆட்களை அமர்த்துவதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிடக்கூடும். எனவே முடிவுத் தேதிக்குப் 18 மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். மறு ஏலத்துக்கு நேரம் இருக்கும் வரைதான் பேரம் பேசவும் இடம் இருக்கும்.

முதலில் மூல ஒப்பந்தத்தின் நீட்டிப்புப் பிரிவைப் படியுங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை முறை, யாருடைய விருப்பத்தின் பேரில், எத்தனை நாள் முன்னறிவிப்புடன் நீட்டிக்கலாம் என்பது அதில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பிரிவே இல்லையென்றாலோ, நீட்டிப்பு என்ற பெயரில் பணியின் அளவும் விலையும் பெரிதும் மாறினாலோ, பல நாடுகளின் கொள்முதல் சட்டங்கள் அதைப் புதிய ஒப்பந்தமாகவே கருதும். சட்ட அலுவலரின் கருத்தை எழுத்தில் பெற்றுக் கோப்பில் வைத்த பிறகே மேற்கொண்டு நகருங்கள்.

அடுத்தது, இதுவரை நடந்த வேலையைக் கணக்கெடுப்பது. எடைமேடைச் சீட்டுகள், மாதாந்தரக் கட்டணப் பட்டியல்கள், புகார்ப் பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். டன் கணக்கில் பணம் கொடுக்கப்படுமானால், மழையில் நனைந்த குப்பைக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். அதோடு, குப்பையைக் குறைப்பதில் ஒப்பந்ததாரருக்கு எந்த ஆதாயமும் இல்லை. வீட்டுக் கணக்கில் கொடுக்கப்படுமானால், வீடுகளின் எண்ணிக்கையை மீண்டும் சரிபாருங்கள். குப்பையின் எடையைக் காண, ஏற்றிய லாரியின் எடையிலிருந்து கழிக்கும் காலி லாரியின் எடையைக் கடைசியாக எப்போது சோதித்தோம் என்ற கேள்வியைப் பல அலுவலகங்கள் கேட்பதே இல்லை.

விலைப் பேச்சில் உள்ளாட்சிக்குப் பெரிய பிடி லாரிகள்தான். ஏழாண்டு ஒப்பந்தத்தில் லாரிகளின் விலை அந்த ஏழாண்டுக் கட்டணத்துக்குள்ளேயே பிரித்து வசூலிக்கப்பட்டிருந்தால், எட்டாம் ஆண்டில் அந்தப் பங்கு கட்டணத்திலிருந்து குறைய வேண்டும். பழைய லாரிகளுக்குப் பராமரிப்புச் செலவு கூடும் என்று ஒப்பந்ததாரர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் கூடுதல் பராமரிப்பையும் கேட்டு, தீர்ந்துபோன முதலீட்டுக்கும் கட்டணம் வாங்குவது நியாயமல்ல. ஆண்டு விலை உயர்வை மொத்தத் தொகைக்கும் ஒரே விகிதத்தில் கொடுக்காமல், கூலி, எரிபொருள், ஏனைய செலவு எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறியீட்டெண்ணோடு இணைப்பதே சரி.

மறுசுழற்சிப் பகுதியைத் தனியாக ஆராயுங்கள். 2018இல் சீனா கழிவு இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, கலப்படம் (மறுசுழற்சிப் பொருளோடு கலந்துவரும் வேறு கழிவு) 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றபோது, பழைய தாளையும் பிளாஸ்டிக்கையும் விற்று வந்த பல நகரங்கள் அவற்றை அகற்றவே பணம் கொடுக்க நேர்ந்தது. ஆகவே விற்பனை வருவாயைப் பகிரும் விதியோடு, விலை சரிந்தால் இழப்பை யார் எந்த வரம்பு வரை ஏற்பது என்பதையும் எழுதுங்கள். கலப்படத்தை அளக்க மாதிரி எடுப்பதை ஒப்பந்ததாரரின் தரம்பிரிப்பு நிலையத்திடம் மட்டும் விட்டுவிடாமல், உள்ளாட்சியின் ஆள் ஒருவர் உடன் இருக்குமாறு செய்யுங்கள்.

ஓராண்டு நீட்டிப்பு இடைக்கால ஏற்பாட்டுக்கு மட்டுமே பயன்படும். அதை நம்பி யாரும் புதிய லாரி வாங்க மாட்டார். வங்கி உத்தரவாதமும் காப்பீடும் பழைய தேதியோடு காலாவதியாகும் என்பதால், புதுப்பித்த ஆவணங்கள் கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள். மன்றத் தீர்மானமும் எழுத்து மூலமான திருத்த ஒப்பந்தமும் முடிவுத் தேதிக்கு முன்பே நிறைவேற வேண்டும். வழித்தட வரைபடங்கள், தொட்டிகளின் எண்ணிக்கை, எடைப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்பந்ததாரர் எந்த நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே சேர்த்துவிட்டால், அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்குத் தேவையான விவரங்களுக்காக அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்காது.