லாண்ட்மாஸ்டர் பெட்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கட்டும் முறை

வன்னியில் நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்க உள்வீதிகளில் மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றுவிட்டால், அதைக் கராச்சுக்குக் கொண்டுபோக லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டிதான் கைகொடுக்கும். வண்டியைச் சைட் ஸ்டாண்டில் விட்டு, ஓராள் பிடித்துக்கொண்டு வருவது பலருடைய வழக்கம். அதை முதலில் கைவிடுங்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டி கிரவல் குழியில் சாயும்போது கையால் நிறுத்த முடியாது. பிடித்தவரின் கால்தான் அடியில் அகப்படும்.

தேவையானவை: 25 மில்லிமீற்றர் அகலமான ரட்செட் பட்டி (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டி) நான்கு, பழைய ரியூப் துண்டுகள், 8 அடி நீளமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள பலகை இரண்டு, சில்லுக்கு அடை வைக்க நான்கு கல். நைலோன் கயிறு வேண்டாம். பாரம் இழுக்க இழுக்க அது நீளும், முடிச்சும் வழுகும்.

முதலில் பெட்டி
சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பெட்டியை லாண்ட்மாஸ்டரோடு இணைக்கும் கொழுவியின் ஊசியும் அதன் பூட்டுக் கம்பியும் சரியாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பெட்டியைக் கழற்றி வைத்து ஏற்றவே கூடாது. பாரம் பின்பக்கம் வந்ததும் பெட்டி குடைசாயும்.

ஏற்றுதல்
அதிக விபத்து இங்கேதான். பாரம் ஏறும்போது பலகையின் அடி பின்னுக்கு வழுகும், மேல்நுனி கழன்று விழும். ஆகவே மேல்நுனியைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு கட்டுங்கள். ஒரு பலகை வண்டிக்கு, மற்றது தள்ளுபவர் நடக்க. எஞ்சினை ஓடவிட்டு ஏறி ஓட்டாதீர்கள்.

எஞ்சின் நின்றிருக்க, முதல் கியரில் போட்டு, கிளச்சை அழுத்தியபடி மூன்று பேர் தள்ளுங்கள். நடுவில் நிற்க வேண்டி வந்தால் கிளச்சை விடுங்கள். பின்சில்லு இறுகி நின்றுவிடும். முன் பிறேக்கை நம்ப வேண்டாம். ஏற்றத்தில் பாரம் பின்சில்லுக்குப் போய்விடுவதால் முன்சில்லு பூட்டுப்பட்டும் சறுக்கும். பின் பிறேக் வலது பக்கத்தில் இருப்பதால் இடப்பக்கம் நிற்பவருக்குக் கால் எட்டாது.

பாரம் பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் அமையட்டும். பின்னால் போனால் கொழுவி மேலெழும், லாண்ட்மாஸ்டரின் மூக்கு கீழே குத்தும், திருப்பம் கைக்கு அடங்காது.

கட்டுதல்
பெற்றோல் குழாயை மூடுங்கள். முன்சில்லைப் பெட்டியின் முன்பலகையோடு முட்ட வைத்து, இருபக்கமும் கட்டை கொடுங்கள். முன்பட்டிகள் இரண்டையும் முன் ஃபோர்க்குகளை இணைக்கும் கீழ்த்தகட்டில் போட்டு, முன்னோக்கிச் சரிவாக இரு மூலைகளுக்கும் இழுங்கள். ஹான்டிலிலோ கண்ணாடியிலோ கொழுவினால் அவை வளையும், திரும்பும். இருபக்கமும் மாறி மாறி இறுக்கி, முன் ஷொக் பாதியளவு அமுங்கியதும் நிறுத்துங்கள். முற்றாக அமுக்கினால் எண்ணெய் சீல் கசியத் தொடங்கலாம். அமுக்காமல் விட்டாலோ முதற் குழியிலேயே பட்டி தளர்ந்து கொக்கி கழன்றுவிடும்.

பின்பட்டிகளைக் கரியரில் அல்ல, மோட்டார் சைக்கிளின் சட்டத்தில் மாட்டிப் பின்னோக்கி இழுங்கள். கூர்விளிம்பில் உரசும் இடங்களில் ரியூப் துண்டு சுற்றுங்கள். சைலன்சரில் படவே கூடாது, சூட்டில் பட்டி உருகும். கடைசியாகச் சைட் ஸ்டாண்டை மடியுங்கள். ஊன்றியே இருந்தால் குலுக்கலில் அது பலகையைத் துளைக்கும், வண்டி ஒருபக்கம் சரியும்.

வழியில்
5 கிலோமீற்றரில் ஒருதரம், கிரவலிலிருந்து தார் வீதிக்கு ஏறும் இடத்தில் ஒருதரம் நிறுத்திப் பட்டிகளைப் பாருங்கள். கண்டி வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் எப்படியும் நிற்பார்கள்; பிள்ளையாரைக் கும்பிட்ட கையோடு பட்டிகளையும் பார்த்துவிடலாம். இரவில் வீதியில் மாடு படுத்திருக்கும், திடீர் பிறேக் தவிர்க்க முடியாது, பகலிலேயே கொண்டுபோங்கள்.

இறக்குதல்
வண்டியை ஓராள் நிமிர்த்திப் பிடித்த பின்னரே முன்பட்டியைத் தளர்த்துங்கள். இறக்கும்போதும் கிளச்தான் பிறேக். வழியில் வண்டி விழுந்திருந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெற்றோல், எஞ்சின் ஒயில், பற்றரி அமிலம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அக்சிலேற்றரை முறுக்கி விட்டால் அது தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேபிளைச் சரிசெய்த பின்னரே சாவியைப் போடுங்கள்.