ஜெர்மன் தெரியாமல் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: விண்ணப்பம் முதல் முதல் செமஸ்டர் தேர்வு வரை

வகுப்பு, தேர்வு, ஆய்வேடு எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் ஜெர்மனியில் நிறைய உண்டு. ஜெர்மனில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இடம் வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஆங்கிலம் கல்லூரி வாசலோடு சரி. வாடகை ஒப்பந்தமும் நகராட்சிக் கடிதமும் ஜெர்மனில்தான் வரும், பகுதிநேர வேலைக்கான நேர்காணலும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் விண்ணப்பம் போடத் தொடங்கும் நாளிலேயே மொழி படிக்கவும் தொடங்கிவிடுங்கள்.

படி 1: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) அமைப்பின் இணையதளத்தில் பன்னாட்டுப் படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பயிற்று மொழி 'ஆங்கிலம் மட்டும்' என்று வடிகட்டுங்கள். 'ஜெர்மன், ஆங்கிலம்' என்று இரண்டும் போட்டிருந்தால் முதல் ஆண்டு ஆங்கிலத்தில் ஓடி, விருப்பப் பாடங்கள் ஜெர்மனில் வந்து நிற்கலாம்.

பட்டியலோடு நிறுத்தாமல், அந்தப் படிப்பின் 'மோடூல்ஹான்ட்பூஹ்', அதாவது பாட விவரக் கையேட்டின், பிடிஎஃப்பை இறக்குங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எந்த மொழி, எத்தனை கிரெடிட், எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் எடுக்க விரும்பும் விருப்பப் பாடங்கள் ஆங்கிலத்தில் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆங்கிலப் படிப்பே ஆனாலும், முதல் ஆண்டுக்குள் ஏ1 (ஜெர்மன் மொழியின் முதல் நிலை; அடுத்தது ஏ2, பிறகு பி1) சான்று கேட்பவையும் உண்டு.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். விலக்குகளும் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

படி 2: மதிப்பெண்ணை மாற்றிப் பார்ப்பது

ஜெர்மன் அளவில் 1.0 மிகச் சிறப்பு, 4.0 வெறும் தேர்ச்சி. கணக்கு இதுதான்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். சிஜிபிஏ 8, அதிகபட்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். அதே 8க்குத் தேர்ச்சி 4 என்று இருந்தால் 2.0. பல படிப்புகள் 2.5ஐ எல்லையாக வைத்திருப்பதால், குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது என்பதை உங்கள் பல்கலைக்கழகம் எழுத்தில் தர வேண்டும். மதிப்பெண் பட்டியலின் பின்புறம் அச்சாகியிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

படி 3: பெயரும் ஏபிஎஸ் சான்றிதழும்

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஐஇஎல்டிஎஸ் பதிவு தொடங்கி வங்கிக் கணக்கு வரை எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.

ஏபிஎஸ் (APS) என்பது உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். சான்றிதழ் கைக்கு வரப் பல வாரம் ஆகும். விசாவுக்கு இது வேண்டும், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. இடம் கிடைத்தபின் பார்க்கலாம் என்று விட்டால் ஒரு செமஸ்டர் போய்விடும்.

படி 4: விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்கள் நேரடியாக வாங்கும், சில யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் பொது அமைப்பு) வழியாக வாங்கும். யூனி-அசிஸ்டில் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்ற தேதியை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் ஆங்கிலப் படிப்புகள், விசாவுக்கு நேரம் விட்டு, மார்ச் முதல் மே வரையிலேயே மூடிவிடுவது வழக்கம்.

படி 5: பணமும் காப்பீடும்

விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். இந்தத் தொகை அவ்வப்போது உயர்வதால், பணம் அனுப்பும் வாரத்தில் தூதரகப் பக்கத்தை மறுபடி பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். 30 வயதுக்குள் இருந்தால் அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் கிடைக்கும். மாதச் செலவைக் குறைக்க மலிவான தனியார் காப்பீடு எடுத்து அரசு முறையிலிருந்து விலக்கு வாங்கினால், படிப்பு முடியும்வரை அரசு முறைக்குத் திரும்ப முடியாது. சேர்க்கையின்போது காப்பீட்டுச் சான்றைத் தாளில் நீட்டினால் போதாது. காப்பீட்டு நிறுவனமே மின்வழியில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அனுப்பச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

படி 6: விமானம் ஏறும்முன் படிக்க வேண்டிய ஜெர்மன்

ஏ1 முடித்துவிட்டு ஏறுங்கள், முடிந்தால் ஏ2. சென்னையில் ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிலையம் இருக்கிறது. வகுப்புக்குப் போக முடியாதவர்கள் குறைந்தது மூன்றை வாய்ப்பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, எழுத்துகளின் பெயர். நாம் ஆங்கிலத்தில் 'ஈ' என்று சொல்லும் எழுத்து அங்கே 'ஏ'. நாம் 'ஐ' என்பது அங்கே 'ஈ'. நாம் 'ஏ' என்பது அங்கே 'ஆ'. தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டினால் தப்பாகப் பதிவாவது இதனால்தான். இரண்டாவது, எண்கள்: 21ஐ 'ஒன்றும் இருபதும்' என்பார்கள், ஒன்றின் இலக்கம் முதலில் வரும். வாடகையோ ரயில் நேரமோ கேட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, 'கென்னன் வியர் எங்லிஷ் ஷ்ப்ரெஹென்?' ஆங்கிலத்தில் பேசலாமா என்று பொருள். நேராக ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதைவிட இந்த ஒரு வரிக்குப் பிறகு கேட்டால் எதிரில் இருப்பவர் இறங்கி வருவார்.

படி 7: முதல் இரண்டு வாரம்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு 'அன்மெல்டுங்' என்று பெயர். வாடகை ஒப்பந்தம் இதற்குப் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற தனித்தாள் வேண்டும். பணம் கொடுக்கும்முன்பே 'இந்தத் தாள் தருவீர்களா?' என்று கேளுங்கள். தர மறுக்கும் அறை எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். அந்தப் பதிவு இல்லாமல் குடியிருப்பு அனுமதியோ வரி எண்ணோ நகராது. முன்பணம் குளிர் வாடகையின், அதாவது சூடேற்றம் முதலிய செலவு சேராத வாடகையின், மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அறையைப் பார்க்காமல், ஒப்பந்தம் கையில் இல்லாமல் பணம் அனுப்பச் சொன்னால் மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை அன்றைக்கே ஒட்டுங்கள். அங்கே கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெயரைப் பார்த்துத்தான். பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டைகூடத் திரும்பிப் போகும்.

படி 8: கடிதங்கள்

மொழி தெரியாததால் பணம் போவது இங்கேதான். ஒவ்வொரு கடிதத்தையும் அன்றே மொழிபெயர்ப்புச் செயலியில் படம் எடுத்துப் பாருங்கள். 'ஃப்ரிஸ்ட்' என்றால் கெடு, 'மானுங்' என்றால் கட்டாத பணத்துக்கு நினைவூட்டல், 'பெஷைட்' என்றால் அலுவலக ஆணை, 'விடர்ஷ்ப்ருஹ்' என்றால் அதற்கு எதிரான மறுப்பு. மஞ்சள் உறையில் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்துதான் கெடு ஓடும்.

முகவரி பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம், அதாவது பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வாங்கும் கட்டணத்துக்கான கடிதம், வரும். விளம்பரம் என்று நினைத்து ஒதுக்குபவர்கள் அதிகம். வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18.36 யூரோ. அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும். சும்மா இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

படி 9: தேர்வுப் பதிவு

பாடத்துக்குப் பதிவு செய்தாலே தேர்வுக்கும் பதிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் தேர்வுக்குத் தனிப் பதிவு உண்டு. அறிவிப்பு ஜெர்மனில் மட்டும் வரலாம், இணையதளத்தின் ஆங்கிலப் பக்கம் பின்தங்கியும் இருக்கலாம். ஒரு தேர்வுக்கு இத்தனை முயற்சிதான் என்ற வரம்பும் உண்டு, பல இடங்களில் மூன்று. கட்டாயப் பாடத்தில் கடைசி முயற்சியும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர்வது பெரும்பாலும் முடியாது. எனவே ஆயத்தம் போதாதென்று தெரிந்தால், விலகும் கடைசி நாளுக்குள் பெயரை எடுத்துவிடுங்கள்.

மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். அந்த 18 மாதத்தில் ஜெர்மன் தொடங்குவது மிகவும் தாமதம். பல்கலைக்கழக மொழி மையத்து வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும், முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்து, இரண்டாம் செமஸ்டர் முடிவில் பி1 என்று குறி வையுங்கள்.